இருபது பேருக்கும் நீச்சல் தெரியும்

தேசிய டிராகன் படகுப் போட்டிச் சம்மேளனம் தன் வரலாற்றை ஒரு மலராக வெளியிட்டிருக்கிறது. அச்சடித்தது எங்கள் சிவகாசியில்தான். இந்தியாவில் பாதிப் புத்தகம் இங்கே அச்சாகும்போது அது மட்டும் எங்கே போகும்? அதில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். 'விருதுநகர் மாவட்டத்திலும் பெண்கள் அணி தொடங்கப்பட்டது.' அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மற்றதெல்லாம் மலரில் விரிவாக இருக்கிறது. சீனத்திலிருந்து வந்த இந்த விளையாட்டை நாலைந்து ஆர்வலர்கள் கையில் எடுத்தது, சம்மேளனம் அமைத்தது, முதல் படகு கப்பலில் வந்து இறங்கியது, எல்லாம் படத்தோடு இருக்கிறது. பிறகு பதவிச் சண்டையில் சம்மேளனம் இரண்டாக உடைந்து, நான்தான் அசல் என்று இருவரும் நீதிமன்றம் போய், கடைசியில் ராசியானதையும் பூசி மெழுகி எழுதியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். சண்டை நடந்த காலத்தில், எந்தப் பக்கம் மாவட்டங்கள் அதிகமோ அந்தப் பக்கம்தான் மாநிலத்தில் செல்லும் என்று ஆனது. உடனே இரண்டு பக்கத்தாரும் மாவட்டம் பிடிக்க ஓடினார்கள். அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று கிடக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு படகுச் செயலாளர் தேவைப்பட்டார். நான் மாட்டினேன்.

நான் சிவகாசிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரியில் படித்தபோது நீச்சல் குளத்தில் நீந்தியிருக்கிறேன். அந்த ஒரு தகுதிதான். மாநிலச் செயலாளர் போனில் ரொம்பவும் இனிமையாகப் பேசினார். "பேருக்கு ஒரு டீம் போதும் மேடம். படகு நான் அனுப்புறேன். நீங்க ஆளை மட்டும் சேருங்க." எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. செயலாளர் என்று போட்டு ஒரு லெட்டர்பேடு வந்ததும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

ஆள் கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. தீபாவளி முடிந்தால் பட்டாசுக் கம்பெனிகளை மூடிவிடுவார்கள். பூஜை போட்டுத் திறக்க ஒரு மாதம் போல ஆகும். வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் நிற்பதும் அந்த மாதத்தில்தான். விஸ்வநத்தம் பக்கம் என் மாணவிகளின் அம்மாக்களும் அத்தைகளுமாக இருபது பேர் வந்தார்கள். தேர்வானால் ரயிலில் வெளி மாநிலம் போகலாம் என்று சொல்லியிருந்தேன். வருடம் முழுக்க வெடிமருந்தும் திரியுமாக இருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

படகு லாரியில் வந்தது. நாற்பதடி நீளம், முன்னால் டிராகன் தலை. பத்து வரிசை, வரிசைக்கு இரண்டு பேர். முன்முனையில் முரசு. அதை அடிப்பவள் துடுப்புப் போடுகிறவர்களைப் பார்த்தபடி உட்கார வேண்டும். அது நான். பின்னால் சுக்கான் பிடிக்க அணையில் மீன் பிடிக்கும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். படகோடு சம்மேளனத்தின் விதிப் புத்தகமும், ஒரு படிவமும், மிதவைச் சட்டை பத்தும் வந்தன. பத்துதான்.

படிவத்தில் ஒரு வாசகம் இருந்தது. கீழ்க்கண்ட அனைவருக்கும் நீச்சல் தெரியும் என்று மாவட்டச் செயலாளர் சான்று தர வேண்டும். இருபது பேரையும் விசாரித்தேன். ஆறு பேர் சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவர்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். மாநிலச் செயலாளருக்குப் போன் போட்டேன். "அது ஒரு ஃபார்மாலிட்டி மேடம், போட்டு அனுப்புங்க" என்றார். போட்டு அனுப்பினேன்.

சட்டையைப் பங்கு வைத்த கதையைச் சொன்னால் என் யோக்கியதை தெரிந்துவிடும். நீச்சல் தெரியாத பதினாலு பேரில் ஒன்பது பேருக்குக் கொடுத்தேன். பத்தாவதை நான் போட்டுக்கொண்டேன். முதல் வரிசையில் என் முட்டிக்கு முட்டி எதிரே உட்காரும் அக்காவுக்குச் சட்டை இல்லை, நீச்சலும் தெரியாது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கொடுக்க நான் நீட்டத்தான் செய்தேன். "நீங்க போட்டுக்கோங்க டீச்சர். நீங்க பின்னாப் பாத்துல்ல உக்காந்திருக்கீக. எனக்கு இவ இருக்கா" என்று பக்கத்தில் இருந்த நாத்தனாரைக் காட்டினார். நாத்தனார் கிணற்றில் நீந்தியவள். நானும் இரண்டாம் தடவை வற்புறுத்தவில்லை.

விதிப் புத்தகத்தைப் பாடமாகவே நடத்தினேன். எக்காரணம் கொண்டும் படகில் எழுந்து நிற்கக் கூடாது. கவிழ்ந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவளைப் பார், அவள் கையைப் பிடி. பிறகு இருவரும் படகைப் பிடியுங்கள். யாரையும் விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தாதே. இதைக் கேட்டு முதல் வரிசை அக்கா, "எங்க கம்பெனியில நேர் மாத்தி டீச்சர்" என்றார். மருந்து அறையில் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து ஓட வேண்டும். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்கக் கூடாது. வேலைக்குச் சேரும் அன்றே ஃபோர்மேன் சொல்லிக்கொடுப்பது அதுதான். நான் ஏதோ சுவாரசியமான தகவல் போலத் தலையாட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் படகு நேராகப் போகத் தொடங்கியது. தொடக்க விழா வைத்தோம். மாநிலச் செயலாளர் காரில் வந்தார். சிறப்பு விருந்தினராக ஒரு பட்டாசு முதலாளி. படகைக் கிளப்ப நான் விசில் ஊதச் சொல்லியிருந்தேன், விசிலுக்குத்தான் இவர்களைப் பழக்கியிருந்தேன். கரையிலிருந்து நூறு அடி தள்ளிப் படகை நிறுத்தித் துடுப்பை ஓங்கிக் காத்திருந்தோம். முதலாளியோடு வந்த யாரோ, நம் ஊர் விழாவுக்கு விசிலா என்று நினைத்திருக்க வேண்டும். கரையில் ஒரு அணுகுண்டு வெடியைப் பற்ற வைத்துவிட்டார்.

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு வெடிச்சத்தம் பழகிப்போயிருக்கும் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். வெடி செய்யும் இடத்தில் வெடிச்சத்தம் கேட்கவே கூடாது. கேட்டால் என்ன அர்த்தம் என்று அந்த இருபது பேருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் அவர்கள் முகத்தைப் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தேன். ஒருத்தியும் அலறவில்லை. துடுப்பைப் போட்டார்கள், எழுந்தார்கள், இடது பக்கத்தவர்கள் இடதிலும் வலது பக்கத்தவர்கள் வலதிலும் வாசல் இருப்பது போலக் காலை எடுத்து வைத்தார்கள். அந்த முகங்கள் இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகின்றன.

படகு புரண்டது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர். சட்டை என்னை மேலே தூக்கிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் கரையைப் பார்த்தேன். கரையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பின்னால் யாரோ "டீச்சர்" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. கல்லூரியில் பதக்கத்துக்காகக்கூட நான் அப்படி நீந்தியதில்லை. கரைக் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருமிய பிறகுதான் திரும்பினேன்.

எண்ணினேன். கவிழ்ந்த படகைச் சுற்றித் தலைகள். இரண்டிரண்டாக இருந்தன. ஒவ்வொருத்தியும் பக்கத்தவளின் கையையோ சேலையையோ பிடித்திருந்தாள். பதினெட்டுப் பேர், சுக்கான்காரர் ஒருவர். முதல் வரிசை இருவரையும் காணவில்லை. மறுபடி எண்ணினேன். அந்த நேரத்தில் எனக்கு அவர்கள் நினைவு மட்டும் வந்தது என்று சொன்னால் பொய். அந்தப் படிவத்தில் இருந்த என் கையெழுத்தும் கண் முன்னால் வந்தது.

மீன்காரர்கள் பரிசலில் போனார்கள். படகின் மறுபக்கத்தில் இருவரும் இருந்தார்கள். அக்காவுக்குப் பாதி மயக்கம். நாத்தனார் ஒரு கையால் டிராகன் தலையைப் பிடித்து, மறு கையில் அக்காவின் கொண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களைப் பிரிக்க இரண்டு ஆண்கள் வேண்டியிருந்தது. கரையில் கிடத்தி வயிற்றை அமுக்கியதும் அக்கா வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்தார். யாரும் சாகவில்லை. மாநிலச் செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை மேடம், எல்லாருக்கும் நீச்சல் தெரிஞ்சதால தப்பிச்சோம்" என்றார். நான் மறுக்கவில்லை.

நாலு நாள் கழித்துச் சாயங்காலம் இருபது பேரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். தூரத்தில் நின்றபடியே, "நான் வேணும்னு செய்யல" என்றேன். அக்காவின் தொண்டை இன்னும் கம்மிக் கிடந்தது. "எந்திரிச்சது நாங்கதான டீச்சர். நீங்க எம்புட்டு தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னீக. இங்கன நின்னு பாருங்க" என்றார்.

தரையில் இரண்டிரண்டு பேராகப் பத்து வரிசை உட்கார்ந்தார்கள். நாத்தனார் பின்னால் போய் ஒரு வெடிக்குத் திரி கொளுத்திவிட்டு ஓடி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். வெடித்தது. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அவர்களில் ஒருத்தியும் எழவில்லை. சத்தம் கேட்டதும் ஒவ்வொருத்தியின் கையும் பக்கத்தவள் கையைப் போய்ப் பிடித்தது, அவ்வளவுதான். புகைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அசையலையே, பாத்தீகளா? மூணு நாளாத் தெருவுல பழகுனோம் டீச்சர். மொத நாளு ஆளாளுக்கு ஓடிட்டோம். இப்ப எம்புட்டுப் பெரிய வெடி போட்டாலும் உக்காந்திருவோம்."

எனக்குச் சந்தோஷம் வந்ததா என்றால், ஒரு கணம் வந்தது. அடுத்த கணம் மருந்து அறை நினைவுக்கு வந்தது.

"கம்பெனி என்னைக்குத் திறக்குது?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழம பூஜ. அன்னைக்கே வேலதான்."

அன்று வெள்ளிக்கிழமை. நான் கத்தத் தொடங்கினேன். படகும் வேண்டாம், போட்டியும் வேண்டாம், இதையெல்லாம் இப்போதே மறந்துவிடுங்கள் என்று கத்தினேன். "அங்கன சத்தம் கேட்டா உக்காரக் கூடாது! எந்திரிச்சு ஓடணும். பக்கத்துல யாரையும் பிடிக்கக் கூடாது. திரும்பிப் பாக்காம ஓடணும், கேட்டீகளா?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர்கள் பிடித்த கையை விடாமல் என்னை அண்ணாந்து பார்த்தார்கள்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். அவர் முகத்தில் குத்தல் துளியும் இல்லை. சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க போனீகளே, அது மாதிரியா டீச்சர்?"

"ஆமாக்கா" என்றேன். "அது மாதிரிதான்."