தேன்மொழிக்காகத் தெருவிடம் பேசியவர்

வெள்ளிக்கிழமை காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது தலைமையாசிரியர் அழைத்தார். "மெஹருன்னிசா டீச்சர் தவறிட்டாங்கம்மா. விடியக்காலையில மாரடைப்பு. எல்லாரும் காட்டூர் வீட்டுக்குத்தான் போறோம்" என்றார். வந்து நின்ற பஸ்ஸில் ஏறாமல் காட்டூர் பஸ்ஸைத் தேடி நடந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை அவர், நான் தமிழாசிரியை. அவர் ஓய்வு பெறும்வரை ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. மாடியில் அவர் சிரித்தால் கீழ்த்தளம்வரை கேட்கும். கோபமும் அப்படித்தான். ஆனால் படிப்பில் தடுமாறும் பிள்ளையிடம் பேசும்போது அந்தக் குரல் தணிந்துவிடும். பெஞ்சில் அருகிலேயே உட்கார்ந்து, "காலையில என்ன சாப்ட்ட?" என்று ஆரம்பிப்பார். பதில் வந்த பிறகுதான் நோட்டைத் திறப்பார்.

ஒன்பதாம் வகுப்பில் தேன்மொழி என்றொரு மாணவி. வாரத்தில் பாதி நாள் வரமாட்டாள்; வந்தாலும் வாய் திறக்கமாட்டாள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் குறைந்துவிடும், டி.சி. கொடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது.

டீச்சர் எழுந்தார். "அவ ஏன் வரலைன்னு யாராவது கேட்டீங்களா? நான் கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் டி.சி. எழுதாதீங்க."

அன்று மாலை நானும் உடன் போனேன். கொள்ளிடக் கரையோரத் தெருவில் சின்ன வீடு. நடக்கவோ பேசவோ முடியாத, அடிக்கடி வலிப்பு வரும் தம்பிக்குத் தேன்மொழி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை. அம்மா வாழைத்தார் ஏற்றும் வேலைக்குப் போகும் நாட்களில் தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து தம்பியின் பெயரைக் கேட்டார், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். தம்பியின் வாயைத் துடைத்துவிட்டுத் தேன்மொழி சொன்னாள்: "வராத அன்னிக்கு நடத்துனது தெரியாது டீச்சர். வர்ற அன்னிக்கு அதுக்கு மேல நடத்துறாங்க. கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க."

வேலையிலிருந்து திரும்பிய அம்மா, "இவன விட்டுட்டு நான் எப்படிங்க வேலைக்குப் போறது?" என்று கலங்கினார். வெளியே வந்த டீச்சர், பஸ்ஸுக்குப் போகாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தெருவுல குழாய் உடைஞ்சா எல்லாரும் ஓடி வர்றோம்ல? ஒரு புள்ள படிப்ப விட்டா மட்டும் ஏங்க கதவ சாத்திக்கிறோம்?"

கதவைத் திறந்த, தையல் வேலை செய்யும் வசந்தா அக்கா தயங்கினார். "பாத்துக்கலாம் டீச்சர். அவனுக்கு வலிப்பு வந்தா நாங்க என்ன செய்வோம்?"

நியாயமான பயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தமக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவரை அழைத்து வந்து, என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தெருப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அதன்பின் அவர்கள் முறைவைத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். விட்டுப்போன பாடங்களை மதிய இடைவேளையில் நாங்கள் நடத்தினோம். மறுத்த ஆசிரியர்களை டீச்சர் விடவில்லை.

பத்தாம் வகுப்பில் தேன்மொழி கணக்கில் மட்டும் தோற்றாள். "என் பாடத்துலயே என்னைக் கவுத்துட்டா பாருங்க!" என்று பள்ளியே அதிரச் சிரித்தவர், மறுநாளே அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். துணைத்தேர்வில் தேறினாள். இப்போது லேப் டெக்னீஷியன் படிப்பில் இருக்கிறாள்.

காட்டூர் வீட்டுக்கு அவளும் வந்திருந்தாள், தெருப் பெண்களோடு. வசந்தா அக்கா என்னைத் தனியே அழைத்தார். "எங்க தெருவுக்குப் புதுசா குடிவந்த வீட்டுல ஒரு பொண்ணு ஸ்கூலுக்கே போறதில்லைங்க. டீச்சர்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். இனிமே யாருகிட்ட சொல்றது?"

"திங்கக்கிழமை சாயங்காலம் வரேன்க்கா. நீங்களும் கூட வாங்க."

"நானும் வரேன்" என்றாள் தேன்மொழி.

மதிய ஜும்ஆ தொழுகை நேரம் நெருங்கியது. ஆண்கள் டீச்சரின் உடலைத் தோளில் சுமந்து பள்ளிவாசலை நோக்கி நடந்தார்கள். நாங்கள் வாசலில் நின்று, தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிம்மதியா போங்க டீச்சர். அந்தப் பொண்ணு வீட்டுக்கு நாங்க போறோம்.