முழங்காலுக்குப் போட்ட குளிசை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுப் படலையில் நின்று மீன் கேட்டேன்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? எனக்கு வெள்ளி மரக்கறி; மீன் தொடுவதில்லை. ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் நானாவுக்கு அது பல வருடமாகத் தெரியும். அன்றைக்கு என் வாசலில் ஹோர்ன்கூட அடிக்க மாட்டார். நான்தான் கைகாட்டி மறித்தேன்.

"தம்பி, இண்டைக்கு வெள்ளி. மறுகா உங்கட சாமி எனக்குத்தான் ஏசும்."

"இல்ல நானா, வியாழன். திரளி இருக்கா?"

"வியாழன் நேத்து. நேத்தும் திரளிதான் தந்த நான்."

நான் விடவில்லை. வியாழன்தான் என்று நின்றேன். அவர் பெட்டியை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்தார். பிறகு ஓட்டோ ஒன்றை மறித்து என்னை ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சோடியம் — அதாவது உப்புச் சத்து — மிகவும் இறங்கியிருந்தது. கிழமை குழம்பியது அதனால்தானாம். இன்னும் இறங்கியிருந்தால் வலிப்பு வந்திருக்குமாம்.

"என்ன குளிசை போடுறீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

முழங்கால் நோவுக்கு ஐந்து நாளைக்குத் தந்த குளிசை. நோ குறைந்ததும் விட மனமில்லை. வெறும் மாத்திரை அட்டையை பாமசியில் காட்டிக் காட்டி ஒன்றரை மாதம் போட்டுவிட்டேன்...

"அது சிலருக்கு உடம்பில தண்ணியைத் தேக்கிப்போடும். இரத்தத்தில உப்பு ஐதாகிக் குறைஞ்சிடும். உங்கட பிரஷர் குளிசையும் சேர்ந்திட்டுது."

"அப்ப கருவாட்டைக் கொஞ்சம் கூட்டிச் சாப்பிடட்டா, டொக்டர்?"

"ஒண்டும் கூட்ட வேணாம். முதல்ல அந்தக் குளிசைய விடுங்க. கொஞ்ச நாளாவே தடுமாறியிருப்பீங்க. வீட்டில ஒருத்தரும் கவனிக்கல்லையா?"

வீட்டில் நான் மட்டும்தான். தெருவிலும் கவனிக்க என்ன இருக்கிறது? நான் எப்போதும் பேசாமல் போகிறவன், கூப்பிட்டால் தடுமாறுகிறவன். கூச்சக்காரனும் புத்தி கலங்கியவனும் தூரத்தில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். கலங்கிய மூளைக்கோ, தான் கலங்கியது தெரியாது. அதைச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும்.

மூன்று நாள் வார்டில் கிடந்தேன். பார்வையாளர் நேரத்தில் பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரே சனம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இப்போது குளிசை இல்லை. முழங்கால் நோகிறது. நானா மீனை நிறுக்குமுன் தெருவுக்கே கேட்கும்படி, "தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?" என்கிறார். சரியான பதில் வரும்வரை மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதில்லை.

சில நாட்களில், கிழமை தெரிந்தும் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் நிற்கிறேன்.