சித்தப்பா விட்ட ஸ்குரூ

ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் எங்கள் சித்தப்பா மூன்று வருடமாக ஒரு காரைப் பூட்டிக்கொண்டிருந்தார். பெட்டி பெட்டியாக வரும் பாகங்களை வீட்டிலேயே பொருத்திச் செய்கிற கார் அது. யாரோ ஒரு ஜெர்மன்காரர் பாதியில் கைவிட்டதை இவர் வாங்கியிருந்தார். இரண்டு பேர் இருக்கலாம், கூரை கிடையாது. மழை ஓயாத ஊரில் இப்படியொரு வாகனமா என்று அப்பா அதைக் 'குளிக்கிற தொட்டி' என்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆனால் அந்தத் தொட்டிக்குள் சித்தப்பாவின் சீவியமே இருந்தது. பக்கத்துத் தெரு கராஜை நடத்தும் தலைமை மெக்கானிக், மைஸ்டர் என்பார்கள், ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கார் பரிசோதனையில் தேறிவிட்டால், வயது முப்பது தாண்டியிருந்தாலும் ஆகஸ்டில் சித்தப்பாவை அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்கு எடுப்பாராம். முறையாகத் தொழில் படித்துவிட்டால் இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கத் தேவையில்லை. பரிசோதனைக்குக் குறித்துக் கொடுத்த நேரம், டெர்மின், திங்கட்கிழமை காலை.

அம்மாவின் கவலை வேறு. சில்லுக்கடியில் தேசிக்காய் வேண்டாம், திருநீறும் பூசக்கூடாது, பரிசோதகர் தேவையில்லாத கேள்வி கேட்பார் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். ஒன்றும் வைக்காத வாகனம் ஆளை விழுங்கிவிடும் என்பது அம்மாவின் முடிவு. கோயில் ஐயரிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு எழுதுவித்துக்கொண்டு வந்தார். காருக்குள் அலுமினியப் பனல்களை ரிவெட் ஆணி அடித்து மூடும் வேலை முடிகிற தறுவாயில் இருந்தது. ஓட்டுகிறவரின் கால் பக்கத்துப் பனலில் மட்டும் ஒரு ஓரம் திறந்திருந்தது. அந்த இடைவெளிக்குள் நுழையும் கை வீட்டில் என்னுடையதுதான். பள்ளிக்கூடத்து ஒட்டுநாடாவால் தகட்டை உள்ளே ஒட்டினேன். மறுநாள் சித்தப்பா அந்த ஓரத்தையும் மூடினார்.

சனிக்கிழமை காலை காரை உருட்டிப் பார்த்தபோது உள்ளே ஏதோ கிணுகிணுத்தது. பெடலுக்குப் பக்கத்தில் எது தளர்ந்து கிடந்தாலும் பரிசோதகர் திருப்பி அனுப்பிவிடுவார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சித்தப்பாவால் பிடிக்க முடியவில்லை. அவர் மறுபக்கத்திலிருந்து பனல்களைக் கழற்றத் தொடங்கினார்.

ரிவெட்டைத் திருகிக் கழற்ற ஏலாது. அதன் தலையை ட்ரில்லால் துளைத்துத்தான் எடுக்கவேண்டும். சில ரிவெட்டுகள் ட்ரில்லோடு சேர்ந்து சுற்றி, துளையையும் பெருக்கிவிடும். ஒவ்வொரு பனலாக அவர் பிரிக்கப் பிரிக்க, விழுந்த தலைகளை நான் தகரப் பேணியில் பொறுக்கிப் போட்டேன். தகடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மா கண்ணாலேயே சொல்லியிருந்தார். நான் குனிந்து தலைகளையே பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை, ஓய்வுநாளில் ட்ரில் பிடித்தால் பொலிசைக் கூப்பிடுவேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். அதன்பிறகு சித்தப்பா உளியால் மெல்ல மெல்லச் செதுக்கினார். கடைசிப் பனல் திறந்தபோது மத்தியானம் கடந்துவிட்டது.

ஒட்டுநாடா விட்டு உள்ளே விழுந்து கிடந்த தகட்டைச் சித்தப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தேத்தண்ணீரோடு வந்த அம்மா வாசலில் அப்படியே நின்றார். பின்னாலேயே அப்பா வந்து, என்ன கிடந்தது என்று கேட்டார்.

சித்தப்பா தகட்டைச் சட்டைப் பைக்குள் போட்டார். "ஒரு ஸ்குரூ, அண்ணை. நான்தான் கவனிக்காமல் விட்டிட்டன்."

பனல்களைத் திரும்பப் பூட்ட அவர் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறாது. பெருத்த துளைகளில் பழைய அளவு ரிவெட் நிற்கவில்லை. பெரிய ரிவெட் வாங்க, ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? பனல்கள் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் இருக்க, திங்கட்கிழமை காலை காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார். பரிசோதகர் ஒரு பனலை விரலால் அழுத்தினார், அது ஆடியது. அடுத்த டெர்மின் செப்டெம்பரில்தான் என்றார்கள். சித்தப்பா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

மைஸ்டரிடம் ஒரு மாதத் தவணை கேட்டுப் பார்ப்போம் என்று அப்பா புறப்பட்டார். அவருக்கு ஜெர்மன் வராது, அதனால் என்னையும் கூட்டிப்போனார்.

"உள்ளதைச் சொல்லு பிள்ளை. பெடலுக்குப் பக்கத்தில ஒரு ஸ்குரூவை விட்டிட்டார், அதால பிந்திப்போச்சு எண்டு சொல்லு."

நான் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். பெடலுக்குப் பக்கத்தில் ஸ்குரூவை மறந்துவிடுகிற ஆளிடம், மற்றவர்கள் உயிரை ஒப்படைத்து ஏறும் காரை எப்படிக் கொடுப்பது என்று மைஸ்டர் கேட்டார். அதையும் நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

சித்தப்பா இன்றும் அந்த இறைச்சித் தொழிற்சாலையில்தான் பெட்டி அடுக்குகிறார்.

அன்று கராஜிலிருந்து திரும்பி வரும்போது, வடிவாகக் கதைத்தாய் என்று அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். தகட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அம்மாவும் நானும் தப்பிவிட்டோம் என்ற சந்தோசத்தில் நான் ஐஸ்கிரீமைக் கடைசிவரை நக்கித் தின்றேன்.