செத்த டிஸ்க்குகளின் டாக்டர்

எங்கள் கடையில் அவருக்குப் பெயர் டாக்டர். பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர். செத்துப்போன ஹார்டு டிஸ்க்கைப் பிரித்து, உள்ளே இருக்கும் படங்களையும் கோப்புகளையும் மீட்டுக் கொடுப்பதால் வந்த பெயர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி. விருந்தாளிக்கென்று வாங்கிய நாற்காலியில் எப்போதும் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கும்.

நான் அங்கே முன்மேசையில் இருக்கிறேன். வருபவர்களிடம் டிஸ்க்கை வாங்கி வைப்பதும், மீட்டதைச் சரிபார்த்துக் கொடுப்பதும் என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். படித்தது புள்ளியியல். அந்தச் சான்றிதழை அம்மா இன்னும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறாள், யாராவது கேட்க மாட்டார்களா என்று.

டிஸ்க்குக்குள் ஒரு தூசி விழுந்தாலும் காரியம் கெட்டுவிடும். அதனால் டாக்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறையோடு இரண்டு கையையும் விட்டுத்தான் வேலை செய்வார். அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய அக்கா போன் செய்வாள். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட வேண்டும். ஆகவே அவர் கல்யாண விஷயம் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடந்ததில்லை. நடந்ததே ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை அக்கா கண்டுபிடித்திருந்தாள். முதல் கல்யாணம் முறிந்து தனியாக இருப்பவள். இரண்டு பேரும் ஒருமுறை சந்தித்துக் காபி குடித்தார்கள். அவளுக்குச் சம்மதம். டாக்டர்தான் பதில் சொல்லவில்லை. வாரங்கள் மாதங்களாயின.

"டேய் தம்பி, நீ பொண்ணு பார்த்தியா, பூதக்கண்ணாடி வெச்சுக் குறை பார்த்தியா? அவங்க எவ்வளவு நாள்தான்டா காத்திருப்பாங்க?" என்றாள் அக்கா.

"பொண்ணு மேல குறை இல்லக்கா. தினம் தினம் இங்க பார்த்துட்டுதானே இருக்கேன். எந்தக் கல்யாணம் நிக்குது?"

அவர் பார்த்தது பொய்யில்லை. கணவன் ஆத்திரத்தில் தரையில் அடித்த லேப்டாப்பை மனைவி பையில் போட்டுக் கொண்டுவருவாள். பிரிந்து போனவன் ஒருவன், வழக்குக்கு வேண்டும் என்று அழிந்துபோன பழைய செய்திகளைத் தோண்டி எடுக்கச் சொல்வான். ஒரே டிஸ்க்குக்காகக் கணவனும் மனைவியும் தனித்தனியாக வந்து, மற்றவர் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சியதும் உண்டு. மீட்ட படங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று டாக்டர் திறந்து பார்த்தாக வேண்டும். திரையில் ஜோடி சிரித்துக்கொண்டு நிற்கும். "இதுங்க இப்ப எந்தக் கோர்ட்டுல நிக்குதுங்களோ" என்பார்.

டிஸ்க் விஷயத்திலும் அதே தீர்ப்புதான். புதிதாக எதை வாங்கலாம் என்று கேட்காமல் யாரும் கடையை விட்டுப் போவதில்லை. டாக்டர் மேசைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடையைக் காலால் இழுப்பார். அவர் கையில் உயிரை விட்ட டிஸ்க்குகள் அதில் குவிந்து கிடக்கும். பாதிக்கு மேல் ஒரே கம்பெனியுடையவை, முகப்பில் மஞ்சள் கோடு போட்டவை. "இதுல எது அதிகமா கிடக்குதோ, அதை வாங்காதீங்க" என்பார். அப்படியானால் மற்றதை வாங்கலாமா என்றால், அதிலும் ஒன்றிரண்டை எடுத்துக் காட்டுவார்.

நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். சந்தையில் மஞ்சள் கோடுதான் அதிகம் விற்கிறது, அதிகம் விற்றது அதிகமாகத்தான் இங்கே வரும், நூறில் ஐந்து போனதா பத்தில் ஐந்து போனதா என்று தெரியாமல் எதையும் சொல்லக் கூடாது என்று.

"பட்டம் பேசுது" என்று சிரித்தார். "கண்ணால பார்க்கிறதை விடவா உன் கணக்கு?"

அதோடு விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு தொலைக்காட்சி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர்களுடைய எடிட்டர் ஒருவர், எங்கும் பிரதி வைக்காமல் மேசை மேல் தனியாக வைத்திருந்த டிஸ்க் கீழே விழுந்து செத்துவிட்டது. அதைக் குலுக்கிக் கொண்டுவந்தால் இன்னும் கெட்டுவிடும் என்று டாக்டரே நேரில் போனார். பெட்டி தூக்க நானும் போனேன்.

எங்களை அழைத்துப் போனவர், நிறுவனத்தின் பதிவுகளையெல்லாம் சேமித்து வைக்கும் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தார். எடிட்டர் மேசைக்குப் போகும் வழி அந்த அறைக்குள்ளாகத்தான்; கதவைத் திறந்ததும் முகத்தில் குளிர்காற்று அறைந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயர அலமாரிகள். தட்டுத் தட்டாக டிஸ்க்குகள், ஒவ்வொன்றுக்கும் மினுக்கும் ஒரு பச்சை விளக்கு. அடைமழை தூரத்தில் பெய்வது போல ஒரே இரைச்சல்.

டாக்டர் குனிந்து ஒரு தட்டைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு.

"இதெல்லாம் ஓடுதா?" என்றார்.

அந்தப் பெண்மணிக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஓடாமல் பின்னே எதற்கு வைத்திருக்கிறோம் என்பது போலப் பார்த்தார். ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன, ஆறேழு வருடமாகச் சுற்றுகின்றன, வருடத்துக்குப் பத்துப் பதினைந்து போகும், போனதைக் கழற்றிவிட்டு வேறு செருகுவோம் என்றார். எதை வாங்கினாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு போகத்தான் போகும், அது தெரிந்துதான் எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார்.

டாக்டர் ஒரு டிஸ்க்கின் முகப்பில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத் தொழிலில், நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் மஞ்சள் கோட்டை அவர் தொட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரிடம் வரும்போதே அவை படுத்த படுக்கையாகியிருக்கும்.

திரும்பும் பேருந்தில், எடிட்டரின் டிஸ்க் இருந்த பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். இறங்கும் இடம் நெருங்கியபோது கேட்டார்.

"நல்லா இருக்கிறவங்க யாரும் நம்ம கடைக்கு வர மாட்டாங்க, இல்ல?"

"எதுக்கு வரணும்?" என்றேன்.

கடைக்கு வந்ததும் கையுறை போடவில்லை. தானே போனை எடுத்தார். அக்காவுக்கு அவர் போன் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, அந்த நூலகத்துப் பொண்ணு. எனக்குச் சரின்னு சொல்லிடு."

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தார்.

"போன வாரம் அவங்களுக்கு வேற இடம் முடிவாயிடுச்சுடா" என்றாள் அக்கா. "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நான் பேசவே இல்ல."

டாக்டர் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினார். "ஆளு எப்படியாம்?"

"நல்ல மாதிரிதான் தெரியுது."

"அப்ப சரி. வேற யாராவது இருந்தா பாருக்கா" என்றார்.

அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பார்க்கிறேன், ஆனால் இனிமேல் லேசில் அமையாது, காலாகாலத்தில் சொல்லியிருந்தால் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். தெரியும் என்றார் இவர்.

ஒன்றரை வருடமாகிறது. இன்னும் அமையவில்லை. சில ஞாயிறுகளில் இஸ்திரி போட்ட சட்டையோடு படியிறங்கிப் போவார். எங்கே என்று நான் கேட்பதில்லை. பெண் பார்க்கத்தான் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் யாராவது டிஸ்க் பற்றிக் கேட்டால், எது வேண்டுமானாலும் வாங்குங்கள், வேறோர் இடத்தில் ஒரு பிரதி வையுங்கள் என்கிறார். சாயங்காலம் மேலே போனால் அவருடைய அறையில் ஒற்றை விளக்கு எரியும். ரேடியோ சத்தம்கூடக் கேட்காது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை தானாகவே சொன்னார்.

"நேத்து ஒருத்தங்களைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தோம். ராத்திரி அக்காகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம்."

நான் கையுறையை எடுத்து நீட்டினேன். அவர் அதை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"நல்லவங்கதான்."