மண்ணில் மூடிய கியர் ஆயில்

மாலையில் அப்பா எங்கள் ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் கியர் ஆயிலை வீட்டிலேயே மாற்றினார். பழையது வடிய வண்டிக்கு அடியில் ஒரு பேசினை வைத்தார். அது எவ்வளவு வடிகிறதோ அதே அளவு புதியது ஊற்ற வேண்டுமாம்.

"பேசின்ல வடியறத பாத்துக்கினு இரு பாப்பா" என்று சொல்லிவிட்டுப் புது ஆயில் எடுக்க உள்ளே போனார்.

என் கால் பட்டு பேசின் சாய்ந்தது. கொட்டிய ஆயிலை மண் தள்ளி மூடிவிட்டேன்.

மிச்சத்தை அளந்தவர், "இன்னா, கம்மியா கீது? வண்டியே குடிச்சிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே அதே அளவுதான் ஊற்றினார்.

"மெக்கானிக்கா இருந்தா பாதிய சிந்தியிருப்பான். எம்பொண்ணு ஒரு சொட்டு வுடல."

விடிந்ததும் அந்த வண்டியில்தான் கரியாலூர் மலை ஏறுகிறார். ஆயில் குறைந்தால் ஏற்றத்தில் வண்டி இழுக்காதாம்.

பயமாக இருக்கிறது. எழுப்பிச் சொல்லிவிடப் போகிறேன்.

முதலில் எதைச் சொல்லட்டும் தோழிகளே? ஆயில் கொட்டியதையா, அவருடைய போனைத் திருடி இதை எழுதுவதையா?