சாமா வேறு, சாமா-சாமா வேறு

லோகேஸ்வரனை நான் முதன்முதலில் பார்த்தது மலேசியாவின் கோத்தா திங்கி ஆற்றில், மின்மினி பார்க்கப் போன படகில். எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருக்க, அவர் மட்டும் ஒரு கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டதற்கு, "ஒத்தக் கண்ணுல பாத்தா மரம் தட்டையா ஆயிருது தம்பி. ரெண்டையும் தொறந்தா உள்ளயே போலாம் போல இருக்கு" என்றார்.

மாசாய் நகரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர் அவர். அன்று பார்த்த, மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் என்ற ஆற்றோர மரம் படகுத்துறைக்கு எதிர்க்கரையில் நின்றது. கிளையெல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தது, மரமே மூச்சு விடுவதுபோல. கரைக்குக் கல் அடுக்கப்போவதால் மழைக்காலத்துக்குள் அதை வெட்டிவிடுவார்கள் என்றார் படகோட்டி. அதற்குள் மரத்தை அதன் ஆழத்தோடு பிடித்து வைத்துவிட வேண்டும் என்ற ஆசை லோகேஸ்வரனுக்கு வந்தது. இரண்டு கண்போல இரண்டு கேமரா. இரண்டு படங்களுக்கும் உள்ள சிறு விலகலை வைத்து, எந்த ஒளிப்பொட்டு எவ்வளவு தூரம் என்று கணினி சொல்லிவிடும்.

"சாமி குடுத்த ரெண்டு கண்ணு பத்தலையா?" என்றார் மனைவி பிரேமலா.

"அது ஞாபகம் வெச்சுக்காதுலா."

இணையத்தில் விற்பவரிடம் மலாயில் ஒரே கேள்விதான் கேட்டார். இரண்டும் 'சாமா'வா, அதாவது ஒரே மாதிரியா? "சாமா, பாஸ்" என்று பதில் வந்தது. வந்தவையும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருந்தன. தீபாவளிக்கு மாட்டும் மின்னும் விளக்குச் சரத்தை எடுத்துச் சோதித்தார். ஒரு படத்தில் எரிந்த விளக்கு மறு படத்தில் அணைந்து கிடந்தது. ஒரு கண் பார்த்ததை மறு கண் பார்க்கவில்லை. பிறகு தூரம் எங்கிருந்து வரும்? ஒன்று கெட்டுப்போனது என்று முடிவுகட்டி, ஜொகூர் பாருவில் கேமரா கடை வைத்திருக்கும் லியாக்கத் அலியிடம் கொண்டுபோனார்.

லியாக்கத் அலி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நீங்க சாமா கேட்டீங்க, சாமா குடுத்துட்டான். சாமா-சாமான்னுல்ல கேட்டிருக்கணும்."

ஒரே மாதிரி வேறு, சேர்ந்தாற்போல் வேறு. ஒரே கம்பியில் உத்தரவு போய், ஒரே கணத்தில் இரண்டும் கண் திறக்க வேண்டும்.

"இந்தா, ஒரே பலகையில ரெண்டு கண்ணு இருக்கே பாய்?" என்று கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒரு கேமராவைக் காட்டினார் லோகேஸ்வரன்.

"அது மூஞ்சிக்கு முன்னால நிக்கிறதுக்குச் சரி. உங்க மரம் ஆத்துக்கு அந்தப் பக்கம். கண்ணு ரெண்டும் தள்ளி இருந்தாத்தான் தூரம் புரியும்."

லியாக்கத் அலி காட்டிய ஜோடி கறுப்பு வெள்ளையில் மட்டுமே படம் எடுக்கும். லோகேஸ்வரன் தயங்கினார். மின்மினியின் பச்சை போய்விடுமே.

"கலர் வேணும்னா வெளிச்சம் கொறஞ்சிரும், பொட்டு சரியா விழாது. பச்சையா, ஆழமா? ஒண்ணச் சொல்லுங்க."

கறுப்பு வெள்ளை ஜோடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆழம்" என்றார் லோகேஸ்வரன்.

கிளம்பும்போது, "தெரிமா காசே பாய்" என்று மலாயில் நன்றி சொன்னார்.

நன்றிக்கு மலாயில் வழக்கமாகச் சொல்லும் மறுமொழியாக "சாமா-சாமா" என்ற லியாக்கத் அலிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

படகு ஆடும் என்பதால் படகுத்துறையிலேயே ஓர் அலுமினியச் சட்டத்தை நிறுத்தி, இரு முனையிலும் கேமராக்களை மாட்டினார். பொழுது சாய்ந்தது. பிரேமலா ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கொசு விரட்டினார். எதிர்க்கரையில் ஒரு பொட்டு எரிந்தது. பிறகு மரம் முழுக்க.

வீட்டுக் கணினித் திரையில் இலை இல்லை, கிளை இல்லை. கறுப்பில் வெள்ளைப் பொட்டுகள் மட்டும் மிதந்தன. திருப்பினால் திரும்பின; நெருங்கினால் இருபுறமும் விலகி வழிவிட்டன.

"மரம் எங்கங்க?" என்றார் பிரேமலா.

"அதுக்குள்ளதான் நிக்கிறோம்."

மழைக்கு முன்பே மரத்தை வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கற்கரை. லோகேஸ்வரன் மாசாயில், அதே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்; மரம் அவர் கணினியில் எரிந்து அணைகிறது.