என் மைதானத்தில் கணக்கு வாத்தியார்

விசில் ஊதிப் பிழைக்கும் சகோதரர்களே, பி.டி. பீரியட் என்பது டைம்டேபிளில் நமக்குக் கொடுப்பது, பிறகு கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வது. எண்பதுகளின் கடைசியில் கொரட்டூர்ப் பள்ளி ஒன்றில் பட்டதைச் சொல்கிறேன்.

ஸ்பீக்கர் வைத்த சனிக்கிழமை

எங்கள் ஹெட்மாஸ்டருக்குத் திடீர் ஆசை. பிள்ளைகள் மட்டுமல்ல, வாத்தியார்கள், பெற்றோர், வாட்ச்மேன் எல்லோரும் உடற்பயிற்சி செய்ய வேண்டுமாம். செய்ய வைப்பவருக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை. இத்தனை வருஷ சர்வீஸில் என் கழுத்தில் விசில் கயிறு தவிர எதுவும் விழுந்ததில்லை. விடுவேனா?

சனிக்கிழமை காலை சுண்ணாம்புக் கோடு போட்டு, ஸ்பீக்கர் கட்டிக் காத்திருந்தேன். வந்தவர் வாட்ச்மேன் ஏழுமலை மட்டும். மைக்கில் "கைகளை உயர்த்து!" என்றேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "இன்னா சார், ஒரு ஆளுக்கு எதுக்கு ஸ்பீக்கரு? பக்கத்துலதானே கீறேன்!"

ஜோசப்புக்குச் சர்க்கரை

அடுத்த மாதம் கணக்கு வாத்தியார் ஜோசப்புக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் நடக்கச் சொன்னாராம். ஏற்கெனவே 'போர்ஷன் முடியல சார்' என்று என் பீரியடில் பாதியை வாங்கியவர், இப்போது தினமும் காலையில் என் மைதானத்தையே சுற்ற ஆரம்பித்தார். சந்தேகம் கேட்கப் பிள்ளைகள் அவர் கூடவே நடந்தார்கள். மார்க் விசாரிக்கப் பெற்றோர் பின்னால் நடந்தார்கள். பேச்சுத் துணைக்கு மற்ற வாத்தியார்களும் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்த ஓர் அம்மாவை மறித்து, நான் கூப்பிட்டபோது ஏன் வரவில்லை என்று கேட்டேன். மூச்சிரைக்கச் சொன்னார்: "எனுக்கு எக்சசைஸ்லாம் வராது சார். வழி விடுங்க, ஜோசப் சார் போய்கினே கீறாரு!"

பொன்னாடை

ஸ்போர்ட்ஸ் டே வருகிறது, மைதானத்தைக் காலி செய்யுங்கள் என்று அவரிடம் சொல்லிவிடுவதென்று கிளம்பினேன். மனுஷன் நின்றால்தானே! பேச வேண்டுமானால் கூடவே நடக்க வேண்டும். நடந்தேன். நான் வாயைத் திறக்குமுன், "சார், உங்க பையன் அல்ஜீப்ரால ரொம்ப வீக்கா இருக்கான்" என்றார். பத்தாம் வகுப்புப் பையன். வந்த விஷயம் மறந்துபோய், மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். ஹெட்மாஸ்டர் வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆண்டு விழா மேடையில் ஜோசப்பின் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, ஹெட்மாஸ்டர் மைக்கில் சொன்னார்: "நம்ம பி.டி. மாஸ்டரையே தினம் நடக்க வச்சிட்டாரே, அதுக்கே இந்தப் பொன்னாடை!"

பையன் கணக்கில் பாஸ் செய்துவிட்டான், எனக்குத்தான் இன்றும் பொன்னாடை தொங்கும் கடையைக் கண்டால் நடை தானாக வேகமாகிவிடுகிறது.